சோஃபியாவை நான் அனுப்பி வைத்த நாள்

அந்தக் குழந்தையின் கோட்டுக்குக் கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டதே நான்தான்.

சிவப்புக் கோட்டு. கழுத்தடியில் இருந்த பொத்தானுக்குத் துளை ரொம்பச் சின்னது. விரல் விறைத்துப்போன குளிரில் நான் குந்தி உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு அதை நுழைத்தேன். சோஃபியா தாடையைத் தூக்கிக் காட்டியபடி அசையாமல் நின்றாள். அவளுக்கு ஐந்து வயது. அவள் மூச்சில் ஆரஞ்சுப் பழ வாசம் அடித்தது.

"சாவோ, மாயெஸ்த்ரா" என்றாள். போய்வருகிறேன் டீச்சர் என்று அர்த்தம். இத்தாலியில் பிள்ளைகள் டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பிறகு அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மூடுபனிக்குள் போனாள். பத்தடி தூரத்தில் சிவப்பு மங்கியது. இருபதடியில் ஒன்றுமே தெரியவில்லை. தெரியாத பிறகும் நான் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

பத்து நிமிடம் கழித்து அவளுடைய அம்மா வந்தாள்.

குளிருக்குப் பயமாங்க?

இந்தத் தொடரைப் படித்துவிட்டுக் கொல்லங்கோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "ஏனுங்க டீச்சர், வாரா வாரம் பயந்தேன் பயந்தேன்னே எழுதறீங்க. அங்க அப்படி என்னதானுங்க இருக்குது? குளிருக்குப் பயமாங்க, இல்ல அந்த ஊர்ச் சனத்துக்குப் பயமாங்க?"

ஐயா, குளிருக்கு நான் பயப்படவில்லை. தேயிலை மலையான ஏலப்பாறையில் பிறந்தவளுக்குக் குளிரும் பனியும் சொந்தக்காரர்கள் மாதிரி. சொல்லாமல் வருவார்கள், போகச் சொன்னாலும் போகமாட்டார்கள். அந்த ஊர்ச் சனங்களும் நல்லவர்கள்தான். நான் பயந்தது காகிதத்துக்கு.

அந்த நாட்டில் தங்க எனக்குக் கொடுத்திருந்த அனுமதி அட்டை, என் வேலையைப் பிடித்துத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை இருந்தால் அட்டை. அட்டை இருந்தால்தான் ஏலப்பாறை எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் என் கணவரையும், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஜெனியையும் அங்கே அழைத்துக்கொள்ள முடியும். அஞ்சல் பெட்டியில் பதிவுத்தபால் வந்திருக்கிறது என்று ஒரு சீட்டு கிடந்தாலே எனக்கு அன்றிரவு தூக்கம் போய்விடும். போய் வாங்கிப் பார்த்தால் தண்ணீர்க் குழாய் மாற்றப் போகிறோம் என்று எழுதியிருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலிலேயே தெரிந்தது.

வேலை, இத்தாலியின் வடக்கே ஒரு சின்ன ஊரில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பாலர் பள்ளியில். மூன்று வயது முதல் ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் எண்களும் நிறங்களும் சொல்லிக்கொடுக்க வேண்டும். வேலையை வாங்கித் தந்தவர் சிஸ்டர் லிஸி. ஏலப்பாறைக்குப் பக்கத்துக் கட்டப்பனைக்காரர். இத்தாலிக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் வாயில் மலையாளமும் எங்கள் மலைத் தமிழும் கலந்தே வரும். அந்த ஊரில் எனக்கிருந்த ஒரே மனுஷி அவர்தான்.

அங்கே பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடுவது சுலபம். வெளியே விடுவதுதான் கஷ்டம். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் ஒரு தாள். அதில் பிள்ளையைக் கூட்டிப்போக உரிமை உள்ளவர்களின் பெயர், கையெழுத்து, அடையாள அட்டையின் நகல். எல்லாத் தாளையும் ஒரு நீலக் கோப்பில் போட்டு வாசல் பக்கத்து மேசையில் வைத்திருப்பார்கள். கோப்பில் பெயர் இல்லையென்றால், சாட்சாத் பாப்பரசரே வந்து நின்றாலும் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே சிஸ்டர் லிஸி அந்தக் கோப்பை என் முன்னால் விரித்துப் படித்துக் காட்டியிருந்தார். ஆகையால் எனக்குத் தெரியாது என்று இந்தக் கதையில் எங்கேயும் நான் சொல்ல முடியாது.

சங்கு ஊதினால்

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா எங்கள் எஸ்டேட் கிரெச்சில் ஆயா. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து அம்மாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள். சில நாள் முப்பது பிள்ளைகள்கூட இருக்கும். ஒரே கூடம், வரிசையாகத் தொட்டில்கள், டெட்டால் வாசமும் பால்பவுடர் வாசமும் மூத்திர வாசமும் கலந்து ஒரு வாசம். பள்ளி விட்டதும் நான் அங்கேதான் போய் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன்.

சாயங்காலம் ஃபாக்டரிச் சங்கு ஊதினால் பிள்ளைகளை வாங்க ஆள் வரும். பெற்றவள்தான் வர வேண்டும் என்றில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூட்டமாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரி வருவாள். மேல் லயத்து அத்தை வருவாள். லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். ஒரு லயத்தில் இருப்பவர்கள் எல்லாரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏதோ ஒரு முறையில் மாமா, சித்தி, அண்ணன். ஒருத்தியே நாலு பிள்ளையை இடுப்பிலும் தோளிலுமாக ஏற்றிக்கொண்டு போவதும் உண்டு.

அம்மாவுக்குப் பெயர் எழுதவே வராது. ஆனால் ஒரு கணக்கு வைத்திருந்தாள். புது ஃபீல்டு ஆபீசர் ஒருவர் வந்து, யாருக்கு எந்தப் பிள்ளை என்று எப்படித் தெரியும், ரெஜிஸ்டர் எங்கே என்று அதட்டினார்.

"ரெஜிஸ்டர் எதுக்கு சார்?" என்றாள் அம்மா. "வந்த ஆளப் பாத்ததும் பிள்ள ஓடிப்போயி காலக் கட்டுச்சுன்னா அது அவுக ஆளு. கட்டலேன்னா நா விடமாட்டேன். பிள்ளைக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது?"

ஆபீசர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அப்போது பெருமை தாங்கவில்லை.

பிற்பாடு பி.எட். படித்து, எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தபோதும் நான் அம்மாவின் கணக்கில்தான் பிள்ளைகளை அனுப்பினேன். மணி அடித்ததும் வாசலில் நிற்கிற ஜீப்புகளுக்குள் பிள்ளைகள் அடைந்துகொள்ளும். எந்த ஜீப், யார் டிரைவர், மடியில் வைத்துக்கொள்வது யார், எதையும் நாங்கள் கேட்டதில்லை.

வாசலில்

அன்று வழக்கமாக வாசலில் நிற்கும் உதவியாளருக்குப் பல்வலி. மதியமே போய்விட்டார். நான்கு மணிக்கு என்னை நிற்கச் சொன்னார்கள். எனக்கு அதுதான் முதல் தடவை.

பயத்தில் ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் செய்தேன். ஒவ்வொருவர் வந்ததும் கோப்பைப் புரட்டி, பெயரைத் தேடி, முகத்தைப் பார்த்து, அதன்பிறகே பிள்ளையை விட்டேன். தாத்தா ஒருவர் பொறுமையிழந்து, இந்தப் பள்ளியிலேயே நானும் படித்தேன் அம்மா என்றார். வரிசை நீண்டது. நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாசம் வாசலை அடைத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

வரிசை குறைந்து நாலைந்து பிள்ளைகள் மிச்சம் இருந்தபோது அவர் வந்தார். சாம்பல்நிற ஜாக்கெட், நன்றாகச் சவரம் செய்த முகம். வாசலுக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சோஃபியா திரும்பிப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில், கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடாமல், என் கைக்கு அடியில் புகுந்து ஓடினாள். ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். "பாப்பா, பாப்பா" என்றாள். அப்பாவுக்கு அங்கே அதுதான் சொல்.

நான் கோப்பைத் திறந்தேன். சோஃபியாவின் தாளில் அம்மா எலேனாவின் பெயரும், அம்மா வழித் தாத்தாவின் பெயரும் இருந்தன. அப்பாவின் பெயர் இல்லை.

இல்லை என்பதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, பெற்ற தகப்பனுக்கு எதற்குச் சீட்டு, இது வெளியாட்களுக்கு உள்ள தாள் என்று என் மனசு சொல்லியது. அதைவிடப் பெரிய சாட்சியாகப் பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு நின்றது. கோப்பை மூடிவிட்டுப் போய்ப் பொத்தானைப் போட்டுவிட்டேன். அவர் மரியாதையாக நன்றி சொன்னார்.

எலேனா சைக்கிளில் வந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். எப்போதும் மூச்சிரைக்கத்தான் வருவாள்.

"சோஃபியா எங்கே?"

"அப்பா வந்து கூட்டிப்போனார்" என்றேன், சிரித்துக்கொண்டே.

அவள் கத்தியிருந்தால் எனக்குப் பரவாயில்லை. கத்தவில்லை. சைக்கிளை விட்டுவிட்டாள், அது சாய்ந்து விழுந்தது. வாசற்படியில் உட்கார்ந்து போனை எடுத்தாள். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த சிஸ்டர் லிஸி என் முகத்தைப் பார்த்தார், மேசையில் மூடிக் கிடந்த கோப்பைப் பார்த்தார்.

"எந்தா ராணி, நீ ஆருக்குக் கொடுத்தே?" என்றார். பிறகுதான் சொன்னார்கள். அந்த மனிதர் எலேனாவை அடித்த வழக்கு நடக்கிறது. மனைவியையும் பிள்ளையையும் அவர் நெருங்கக் கூடாது என்று கோர்ட்டு உத்தரவே இருக்கிறது.

இரண்டு மணி நேரம்

போலீஸ் வந்தது. கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி. நான் தட்டுத்தடுமாறிச் சேர்த்து வைத்திருந்த இத்தாலியன் அத்தனையும் அந்த நிமிடத்தில் என்னை விட்டுப் போய்விட்டது. சிஸ்டர் லிஸிதான் மொழிபெயர்த்தார்.

"குழந்தை எப்படிப் போனாள்? இழுத்துக்கொண்டு போனாரா?"

"இல்லை. அவளாகவே ஓடினாள். சந்தோஷமாகப் போய்க் கட்டிக்கொண்டாள்."

அதிகாரி எழுதிக்கொண்டார். அதைக் கேட்டதும் அறையில் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது போலத் தெரிந்தது. எனக்கும் வந்தது.

எலேனா பிள்ளைகளின் கோட்டுகள் தொங்கும் அறையில், முழங்கால் உயரமே உள்ள குட்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் போனைப் பிடித்திருந்தாள். என்னை ஒரு தடவையும் பார்க்கவில்லை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அந்த ஊரில் ஒரு ஆறு உண்டு. பனியில் அதன் சத்தம் மட்டும் கேட்கும். மற்ற நாட்களில் எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். அன்று காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

மாதாவே, பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று வாய் ஜெபமாலை சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயத்தில் பாதி எனக்காகத்தான். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னை என்ன செய்வார்கள், விலங்கு மாட்டுவார்களா, ஜெனி என்னைப் பற்றி என்ன கேள்விப்படுவாள் என்று மனசு ஓடியது. ஓடாதே என்று சொன்னாலும் நிற்கவில்லை. அந்தத் தாயின் பக்கத்தில் நின்றுகொண்டு நான் என் அட்டையை நினைத்தேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

இரண்டு மணி நேரம் கழித்து எலேனாவின் போன் அடித்தது. இரண்டு ஊர் தள்ளி ரயில் நிலையத்தில் பிடித்துவிட்டார்கள். சோஃபியாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கையில் பிஸ்கெட் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாளாம்.

எலேனா எழுந்து, விழுந்து கிடந்த சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு, போலீஸ் வண்டியில் ஏறிப்போனாள்.

ஜீப்பில் யார்?

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக ஏலப்பாறைக்குப் போன் போட்டேன். அங்கே பகல் ஆகியிருந்தது. அம்மா எடுத்தாள்.

"ஜெனிய ஸ்கூல்லேருந்து யாரும்மா கூட்டிட்டு வர்றது?"

"யாரு வந்தா என்னட்டி? நேத்து கீழ லயத்து மேரி கூட்டியாந்தா. முந்தாநாளு ஜீப்புக்காரப் பையன் வாசல்லயே எறக்கி விட்டுட்டுப் போனான்."

"எந்த ஜீப்புக்காரன்? பேரென்ன?"

"பேரு யாருக்குத் தெரியும்? நல்ல பையன். பிள்ள அவனக் கண்டா ஓடுது."

 இனிமேல் நீயே போ, வேறு யாரிடமும் விடாதே, மழையானாலும் போ என்று கத்தினேன்.

"ஏட்டி, என்னத்துக்கு இப்படிக் கெடந்து பதறுத? பதறாத காரியம் செதறாது. சாப்ட்டியா, இல்லியா?" என்றாள். நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

பள்ளியில் என்னை யாரும் திட்டவில்லை. வாசல் பக்கம் மட்டும் வர வேண்டாம் என்றார்கள். தலைமை மதர் என்னைக் கூப்பிட்டு, போலீஸில் என் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள், இரண்டு நாளில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

"நீ பேடிக்கண்டா" என்று சிஸ்டர் லிஸி தேற்றினார். எங்கள் மலையில் பயப்படாதே என்பதற்கு நாங்களும் அப்படித்தான் சொல்வோம். "குட்டி தானே சந்தோஷமாட்டு ஓடிச்சுன்னு நீ சொன்னது நல்லதாச்சு. அதுலதான் நீ தப்பிச்சே. மதரும் வேலையை விட்டு நிறுத்தமாட்டா. அந்த ஆளோட வக்கீலும் அதையே பிடிச்சுக்கிட்டான். பிள்ளைக்கு அப்பன்மேல இஷ்டம்னு ஜட்ஜுகிட்ட காட்டப் போறானாம். அது போகட்டும், நமக்கெந்தா?"

நமக்கென்ன என்றுதான் நானும் நினைத்தேன். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்.

மூன்றாம் நாள்

மூன்றாம் நாள் தாத்தா சோஃபியாவைக் கொண்டுவந்து விட்டார். கொஞ்சம் வாட்டமாக இருந்தாள், மற்றபடி எப்போதும் போலத்தான். எண்கள் சொன்னாள். ஏழை விட்டுவிட்டு எட்டுக்குப் போனாள். நான் திருத்தவில்லை.

மதியம் பிள்ளைகளை முற்றத்தில் விளையாட விடும் நேரம். எல்லாருக்கும் கோட்டு மாட்டிவிட்டேன். கடைசியாகச் சோஃபியா வந்து தாடையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். நான் குந்தி உட்கார்ந்தேன். அந்தப் பொத்தானைத் தொட எனக்கே தயக்கமாக இருந்தது.

"மாயெஸ்த்ரா, அன்றைக்கு நான் வேகமாக ஓடினேன், இல்லையா?"

"ஆமாம். ரொம்ப வேகமாக."

"அப்பா கூப்பிட்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்" என்றாள் அவள், எனக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது போல. "மெதுவாகப் போனால் வீட்டுக்கு வந்து அம்மாவை அடிப்பார்."

சொல்லிவிட்டு, பொத்தான் போட்டாகிவிட்டதா என்று குனிந்து பார்த்தாள். பிறகு மற்றப் பிள்ளைகளோடு விளையாட ஓடிவிட்டாள்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை ஓடுவதைத்தான் நாங்கள் பார்த்தோம். எதற்காக ஓடுகிறது என்று அம்மாவும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. கிரெச் வாசலில் சாராய வாடையோடு வந்து நின்ற தகப்பன்மார் எத்தனை பேர். அவர்களைப் பார்த்தும் பிள்ளைகள் ஓடத்தான் செய்தன. அவற்றில் எத்தனை இப்படி ஓடின என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் கையெழுத்துப் போடப் போகும் வழியில், பிள்ளை சொன்னதைச் சிஸ்டர் லிஸியிடம் சொன்னேன். அவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"அதைப் போய் அங்கே சொல்லப் போறியா? ராணி, ஆலோசிச்சுப் பாரு. முதல்ல ஒண்ணு சொன்னே, இப்ப வேற சொன்னா உன்னைத்தான் குடைவாங்க. தாளைப் பாத்தியா, பேரு இல்லைன்னு கண்டியா, பின்னே ஏன் விட்டேன்னு கேப்பாங்க. அடுத்த மாசம் உன் அட்டையைப் புதுக்கணும். ஜெனியை நினைச்சுக்கோ."

"நினைச்சுட்டுத்தான் சிஸ்டர் சொல்றேன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். அந்தக் கையும் சில்லென்றுதான் இருந்தது.

அதே பெண் அதிகாரிதான் இருந்தார். தட்டச்சு செய்த தாளை என் பக்கம் நகர்த்தி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பேனாவால் காட்டினார். 'குழந்தை மகிழ்ச்சியுடன் தந்தையிடம் ஓடினாள்' என்ற வரியைச் சிஸ்டர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் அந்த வரியின் மேல் விரலை வைத்தேன். இது சரியில்லை, மாற்ற வேண்டும் என்றேன். பிள்ளை சொன்னதைச் சொன்னேன். தாளில் தந்தையின் பெயர் இல்லை என்பதைப் பார்த்த பிறகும் அனுப்பியது நான்தான் என்பதையும் சொன்னேன். சிஸ்டர் லிஸி ஒவ்வொரு வாக்கியமாக, ஒன்றையும் விடாமல், மொழிபெயர்த்தார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதை எழுதினால் நீங்கள் நீதிபதி முன்னால் வந்து சொல்ல வேண்டியிருக்கும். அந்த மனிதர் எதிரே உட்கார்ந்திருப்பார். உங்கள் தவறைப் பற்றியும் கேட்பார்கள். பயமாக இல்லையா?"

இந்தக் கேள்வியைச் சிஸ்டர் மொழிபெயர்க்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. நானே இத்தாலியனில் பதில் சொன்னேன்.

"பயமாகத்தான் இருக்கிறது. எழுதுங்கள்."